தவணைக்கு வாங்கிய மின்கிற்றார்கள்

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இசைக் கலைஞர்கள் பலரைச் செவ்வி காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதுண்டு. அவ்வேளைகளில் நான் கவனித்த ஒன்றை இங்கு சொல்ல வேண்டும். முதல் மேடை எதுவெனக் கேட்டால் அவர்கள் சற்றுத் தயங்குவார்கள். ஆண்டு தடுமாறும், ஊர் மாறிப்போகும். ஆனால் கையில் எடுத்த முதல் வாத்தியம் எதுவெனக் கேட்டால் தயக்கமே இராது. அதன் நிறம், விலை, வாங்கிய கடை, உடன் வந்தவர், பணம் கொடுத்தவர், பாக்கி வைத்த தொகை ஆகிய யாவும் நேற்று நடந்தவை போல வந்து விழும்.

மேலைநாட்டு மின்கிற்றார்க் கலைஞர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போதும் இதே இயல்பைக் காண்கின்றேன். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரித்தானியாவில் பதின்ம வயதினராக இருந்தவர்களிடம் இது மிகுதி. உலகப் புகழும் பெருஞ்செல்வமும் ஈட்டிய பின்னரும், முதல் மின்கிற்றாரையும் அதனோடு சேர்ந்த அம்பிளிபயரையும் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர்கள் மீண்டும் கடன்பட்ட வீட்டுப் பிள்ளைகளாகி விடுகின்றார்கள். அந்நினைவுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு தலைமுறையின் பொருளாதார வரலாறு தெரிகின்றது. டொலர் தட்டுப்பாடு, இறக்குமதித் தடை, தவணைக் கடன், பெற்றோரின் கையெழுத்து ஆகியனவே அதன் அத்தியாயங்கள். உலகை ஆட்டிவைத்த அந்த இசையின் ஓசைக்கு, கடைகளில் கிடைக்காமற்போன பொருட்களும் அவற்றுக்கு ஈடு தேடிக் கொடுத்த வீட்டாரும் பெரும் காரணர்கள் என்பதே என் எண்ணம்.

முதலில் ஒரு சிறு விளக்கம் தேவை. மின்கிற்றார் என்பது அரை வாத்தியம். சாதாரண கிற்றாரின் வயிறு வெறுமையானது. நரம்பின் அதிர்வை அந்த மரக்கூடு பெருக்கித் தருகின்றது. மின்கிற்றாரின் உடலோ பெரும்பாலும் கட்டைப் பலகை. அதன் உருக்குக் கம்பிகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, செப்புச் சுருளில் மிக நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதனைப் பெருக்கி ஒலியாக்கும் பணி அம்பிளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியது. எனவே மின்கிற்றார் வாங்கும் ஏழைப் பிள்ளைக்கு இரண்டு செலவுகள். முதலாவதை ஒருவாறு சமாளித்தவர்கள் இரண்டாவதில் சிக்கிக்கொண்டார்கள்.

இந்த வாத்தியம் பிறந்த இடம் அமெரிக்கா. 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் போஷாம்ப் என்பவர் உருவாக்கி, றிக்கன்பாக்கர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த உலோகக் கிற்றாரே அதன் முன்னோடி. பொரிக்கும் சட்டியைப் போன்ற வடிவத்தால் அதற்குச் சட்டி என்றே பட்டப்பெயர் ஏற்பட்டது. 1939இல் பெனி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த சார்ளி கிறிஸ்டியன், பித்தளை வாத்தியங்களுக்கு நடுவிலும் கிற்றாரின் தனிக்குரலைக் கேட்கச் செய்தார். பின்னர், கலிபோர்னியாவின் புலேட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர், கட்டைப் பலகையாலான மின்கிற்றாரைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார். அவரது டெலிகாஸ்டர் 1951இலும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இலும் அப்பெயர்களோடு சந்தைக்கு வந்தன. லியோ பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. வானொலிப் பெட்டியின் உள்ளுறுப்புகளை அறிந்த கையே அந்த வாத்தியத்துக்கு வடிவம் தந்தது. வானொலிக்கும் மின்கிற்றாருக்குமான இந்த உறவு இக்கட்டுரை நெடுகிலும் வரும்.

அமெரிக்காவிலும் எல்லோருக்கும் அது எளிதில் கிட்டியதில்லை. சியாட்டில் நகரில் தோட்ட வேலை செய்து பிழைத்த அல் ஹென்ட்ரிக்ஸ், 1959இல் தம் மகனுக்குச் சுப்ரோ என்ற மலிவான மின்கிற்றார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதே வேளையில் தமக்கென ஒரு சாக்ஸபோனையும் தவணைக்கு எடுத்தார். தவணைப் பணம் கட்ட முடியாத நிலை வந்தபோது தந்தை தம் சாக்ஸபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகனின் கிற்றார் வீட்டிலேயே தங்கியது. அம்பிளிபயர் வாங்கப் பணமில்லை. அந்த மகனே பின்னாளில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என உலகம் அறிந்த மேதை. அந்த முதல் கிற்றார் மேடைக்குப் பின்புறம் விட்டுச் சென்ற ஓர் இரவில் களவு போனது. தந்தை வேறொன்று வாங்கிக் கொடுத்தார்.

இத்தகைய வீடுகளை மனத்தில் வைத்தே, சிக்காகோவின் சியர்ஸ் நிறுவனம் 1962இல் ஒரு தந்திரமான பொருளைத் தபால்வழி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில்வர்டோன் என்ற பெயருடைய அந்தக் கிற்றாரின் பெட்டியிலேயே சிறிய அம்பிளிபயரும் ஒலிபெருக்கியும் பொருத்தப்பட்டிருந்தன. பெட்டியை நிமிர்த்தி வைத்து, கிற்றாரை இணைத்தால் வேலை முடிந்தது. விலை 70 டொலருக்கும் குறைவு. அமெரிக்காவில் எத்தனையோ கலைஞர்களின் முதல் நினைவு இந்தப் பெட்டியோடு பிணைந்தது.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு இப்பால், பிரித்தானியாவில் நிலைமை வேறு. இரண்டாம் உலகப்போர் அந்நாட்டை வெற்றியாளராகவும் கடனாளியாகவும் விட்டுச் சென்றிருந்தது. கையிருப்பு டொலரைக் காப்பாற்றும் பொருட்டு அமெரிக்கப் பொருட்கள் பலவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இசைக் கருவிகளும் அந்தப் பட்டியலில் அடங்கின. 1951 முதல் 1959 வரை அமெரிக்கக் கிற்றார்கள் பிரித்தானியக் கடைகளுக்கு வரவில்லை என்றே சொல்லலாம். டொலர் தட்டுப்பாடு என்றால் என்னவென்று 2022ஐக் கண்ட இலங்கை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்குப் பால்மாவும் எரிவாயுவும் இல்லாமற்போயின. அந்நாட்டு இளைஞருக்கு இல்லாமற்போன பலவற்றுள் கிற்றாரும் ஒன்று.

ஆனால் அமெரிக்க இசைத்தட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. 1958 மார்ச்சில் படி ஹொலி பிரித்தானியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது, அவர் தோளில் தொங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டரை இளைஞர்கள் கண்ணாரக் கண்டார்கள். காணலாம், வாங்க முடியாது. கடைகளில் கிடைத்தவை ஜேர்மனியின் ஹொப்னர், செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்ட பியூச்சராமா, யப்பானிய அன்ரோறியா முதலானவை.

அம்பிளிபயர் வாங்க வழியில்லாதவர்கள் வீட்டு வானொலியை நாடினார்கள். அக்கால வால்வு வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் இசைத்தட்டுச் சுழலியை இணைப்பதற்கென இரு துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் கிற்றாரின் கம்பியைச் செருகினால் வானொலியே அம்பிளிபயராகிவிடும். இதில் ஆபத்தும் இருந்தது. மலிவான சில வானொலிகளின் உலோகச் சட்டம் வீட்டு மின்னோடு நேரே இணைந்திருக்கும். கிற்றாரின் உருக்குக் கம்பியைத் தொட்ட விரலுக்கு மின்னதிர்ச்சி கிடைக்க வாய்ப்பிருந்தது.

ஹாங்க் மார்வின் நியூகாசில் நகரத்துப் பையன். 1958இல், பதினாறு வயதில், நண்பர் புரூஸ் வெல்ச்சுடன் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். சோஹோ பகுதியிலிருந்த ரூ ஐஸ் என்னும் கோப்பிக் கடையின் நிலவறையில் வாசித்துத் திரிந்த இருவரும் விரைவிலேயே பாடகர் கிளிஃப் றிச்சர்ட்டின் குழுவில் சேர்ந்தனர். கிளிஃப் 1940இல் இந்தியாவின் லக்னோவில் பிறந்து, 1948இல் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தவர் என்பது வாசகர் பலருக்கும் தெரிந்திருக்கும். மார்வினின் கையில் அப்போதிருந்தது அன்ரோறியா. அதன் கழுத்து வளைந்திருந்ததால் சுருதி நிற்பதில்லை.

1959இல் அமெரிக்காவிலிருந்து பெண்டர் விலைப்பட்டியல் ஒன்றை வருவித்தார்கள். தாங்கள் வியந்து கேட்ட அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் பேட்டன் பெண்டர் கிற்றார் வாசிப்பவர் என்று மட்டும் அறிந்திருந்தார்கள். அத்தகைய கலைஞர் வைத்திருப்பது விலையுயர்ந்த கிற்றாராகத்தான் இருக்க வேண்டும் என ஊகித்து, பட்டியலில் விலை கூடிய சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தெரிந்தெடுத்தார்கள். பணம் கொடுத்தவர் கிளிஃப். பேட்டன் உண்மையில் வாசித்ததோ விலை குறைந்த டெலிகாஸ்டர். இதனை மார்வின் பிற்காலத்தில் பலமுறை சிரிப்புடன் சொல்லியிருக்கின்றார். பெட்டியைத் திறந்தபோது குழுவினர் யாவரும் வாய்பேசாது அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பொன்முலாம் பூசிய உறுப்புகளோடு வந்த அந்தக் கிற்றார், பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களுள் ஒன்று.

1960இல் ஷடோஸ் என்ற பெயரில் அக்குழு வாசித்த “அப்பாச்சி” என்னும் வாத்திய இசை பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாட்டில்லாத அந்த இசைக்கு மொழி தடையாகவில்லை. தெற்காசியா எங்கும் நேயர்களைக் கொண்டிருந்த இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை வழியாகக் கிளிஃப்பும் ஷடோஸும் நம் பகுதி இளைஞர்களையும் வந்தடைந்தனர்.

அந்த ஓசையின் மறுபாதி அம்பிளிபயர். இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள டாட்பர்ட் நகரில் தொம் ஜெனிங்ஸ் என்பவர் இசைக்கருவி நிறுவனம் நடத்தி வந்தார். போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் அவருடன் பணியாற்றிய டிக் டெனி வடிவமைத்த வொக்ஸ் ஏசி 15 என்ற அம்பிளிபயர் 1958இல் வெளிவந்தது. பெயரில் உள்ள எண் அதன் வலுவைக் குறிக்கும், 15 வாற்று. நடன மண்டபங்களில் ரசிகைகளின் கூச்சலுக்கு நடுவே அது போதாதென ஷடோஸ் முறையிட, இரண்டு வால்வுகள் இருந்த இடத்தில் நான்கைப் பொருத்தி 30 வாற்றாக்கினார்கள். அவ்வாறு பிறந்த ஏசி 30, அதன் பின்னர் வந்த பீற்றில்ஸ் உள்ளிட்ட பிரித்தானியக் குழுக்களின் குரலாயிற்று. இறக்குமதித் தடை இருந்திராவிடின் கடைகளில் அமெரிக்க அம்பிளிபயர்களே நிறைந்திருக்கும். உள்ளூரில் ஒருவர் முயன்று பார்க்க இடம் கிடைத்தது அந்த வெற்றிடத்தால்தான்.

இனி லிவர்பூல் துறைமுகத்துக்கு வருவோம். அங்குள்ள ஹெஸ்ஸி இசைக்கருவிக் கடையின் கணக்குப் புத்தகத்தில் பீற்றில்ஸ் குழுவின் முதல் அத்தியாயம் எழுதப்பட்டிருந்தது என்றால் மிகையில்லை. அக்காலப் பிரித்தானியச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் பராயமடையாதவர். 1970 வரை இதுவே நிலை. எனவே பதினாறு வயதுப் பையன் தவணைக்கு ஒரு பொருளை எடுப்பதானால் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து வெறும் சடங்கல்ல. தவணை தவறினால் கடைக்காரர் வந்து நிற்பது கையெழுத்திட்டவரின் வாசலில்.

ஜோர்ஜ் ஹரிசனின் தந்தை பேருந்துச் சாரதி. 1959 நவம்பரில் ஜோர்ஜ் ஹெஸ்ஸி கடையில் ஒரு பியூச்சராமாவை எடுத்தார். விலை ஏறத்தாழ 58 பவுண். உடன் சென்றவர் போல் மக்கார்ட்னி. கடையில் அதனை அம்பிளிபயரில் இணைத்தபோது ஒலியே வரவில்லையாம். மக்கார்ட்னி அம்பிளிபயரை முழு அளவுக்குத் திருகிவிட்டார். அந்நேரம் ஜோர்ஜ் கிற்றாரிலிருந்த ஆளிகளில் ஒன்றைத் தட்ட, பேரிடி போன்ற ஓசை எழுந்து, சுவரில் தொங்கிய கிற்றார்கள் கீழே விழுந்தன என்று ஹரிசன் பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார். அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொரு செய்தி, தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் தம் தாயார் என்பது.

அதே ஆண்டில், அதே கடையில், ஜோன் லெனனுக்கு ஹொப்னர் மின்கிற்றார் ஒன்றுக்கு முற்பணம் கொடுத்தவர் அவரை வளர்த்த பெரியம்மா மிமி. கிற்றாரால் சோறு கிடைக்காது என்று இடையறாது சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே. திட்டிக்கொண்டே பணம் கொடுக்கும் பெரியம்மாக்களை நமக்கும் தெரியும்.

மக்கார்ட்னியின் தந்தை மகனுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு எக்காளம். அதை ஊதிக்கொண்டு பாட முடியாது என்பதால், தந்தையின் சம்மதத்தோடு அதனைக் கொடுத்து செனித் என்னும் கிற்றாரை மாற்றிக்கொண்டார். இடக்கைப் பழக்கமுடைய அவர் நரம்புகளைத் தலைகீழாக மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அவருடைய முதல் அம்பிளிபயர் எல்பிக்கோ என்னும் பச்சை நிறச் சிறுபெட்டி. இசைத்தட்டுச் சுழலிக்கும் ஒலிவாங்கிக்குமாகச் செய்யப்பட்ட அது கிற்றாருக்கென உருவானதன்று. அதனை அவர் பிற்காலத்திலும் பத்திரமாகப் பேணி வந்தார்.

லிவர்பூலுக்குத் துறைமுகம் தந்த இன்னொரு வழியும் இருந்தது. நியூயோர்க் செல்லும் கப்பல்களில் வேலைபார்த்த மாலுமிகள் அமெரிக்க இசைத்தட்டுகளையும் உடைகளையும் வாங்கி வருவார்கள். அவ்வாறு மாலுமி ஒருவர் கொண்டுவந்திருந்த கிரெச் கிற்றாரை ஹரிசன் 1961இல் வாங்கினார். கேட்ட விலை 90 பவுண். கையிலிருந்தது 70. மீதி 20 பவுணுக்குச் சுங்கப் பத்திரம் ஒன்றின் பின்புறத்தில் கடன்சீட்டு எழுதிக் கொடுத்தார். புகழ் வந்த பின்னும் அந்தக் கடன் அடைபடவில்லை. சீட்டு மாலுமியிடமே தங்கிவிட்டது. 1961இன் இறுதியில் குழுவின் முகாமையாளராக வந்த பிரயன் எப்ஸ்டீன் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, ஹெஸ்ஸி கடையில் பையன்கள் வைத்திருந்த ஏறத்தாழ 200 பவுண் பாக்கியைத் தீர்த்தது.

தவணைக்கும் வழியில்லாத வீடுகள் என்ன செய்தன? இலண்டனின் மேற்குப் புறநகரான பெல்த்தமில் ஹறல்ட் மே என்ற மின்னணுப் பொறியியலாளர் வாழ்ந்தார். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையும் தம் கையாலேயே செய்தவர். 1963இல் அவருடைய மகன் பிரயனுக்கு வயது 16. தடை நீங்கிக் கடைகளுக்கு வந்துவிட்ட பெண்டர் கிற்றாரின் விலை நூறு பவுணுக்கு மேல். அந்தக் குடும்பத்தால் எண்ணிப் பார்க்க முடியாத தொகை. தந்தையும் மகனும் தாங்களே ஒன்றைச் செய்வதென முடிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஆயின.

கழுத்துப் பகுதிக்கு எடுத்த மரம், எறிய வைத்திருந்த பழைய கணப்படுப்பின் மேற்பலகை. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலுக்குப் பழைய ஓக் மேசையின் மரம். சுருதியை அசைக்கும் பொறிக்குப் பழைய மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்கள். அதனை இயக்கும் கைபிடி, சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி; அதன் நுனியில் தாயாரின் பின்னல் ஊசியின் முனை. விரற்பலகையில் இடம் குறிக்கும் வெண்புள்ளிகள், தாயாரின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 8 பவுண். றெட் ஸ்பெஷல் எனப் பெயர்பெற்ற அந்தக் கிற்றாரையே, குயீன் குழுவின் பிரயன் மே தம் வாழ்நாள் வாத்தியமாகக் கொண்டார்.

இந்தக் கதையில் என் மனத்தில் தைத்தது அதன் பிற்பகுதி. பிரயன் மே இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அதனை இடையில் நிறுத்திவிட்டு முழுநேர இசைக்குச் சென்றபோது மிகவும் மனமுடைந்தவர், அந்தக் கிற்றாரைச் செய்து கொடுத்த அதே தந்தை. இருவருக்குமிடையே ஓராண்டுக்கு மேல் பேச்சே அருகியிருந்தது என மே சொல்லியிருக்கின்றார். 1977இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் குழு வாசித்தபோது பெற்றோரை அங்கு அழைத்துச் சென்றார். நிகழ்ச்சி முடிந்ததும் மகனின் கையைப் பற்றித் தமக்கு இப்போது விளங்குகின்றதெனத் தந்தை சொன்னாராம். 2007இல் மே தம் ஆய்வை நிறைவு செய்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதனைக் காணத் தந்தை உயிரோடு இல்லை. பிள்ளையின் படிப்புக்காகக் காணி விற்ற நம் ஊர்த் தந்தையருக்கு ஹறல்ட் மேயின் அந்த மௌனம் நன்றாகவே விளங்கும்.

அதே குழுவின் மற்றொருவரான ஜோன் டீக்கன், 1970களின் தொடக்கத்தில், குப்பைத் தொட்டியில் எறியப்பட்டிருந்த மின்சுற்றுப் பலகை ஒன்றைக் கண்டெடுத்துச் சிறு அம்பிளிபயர் செய்தார். அது ஒரு பழைய வானொலிப் பெட்டியின் உறுப்பு. மின்கலத்தில் இயங்கிய அந்தப் பெட்டியின் ஒலியை மே எத்தனையோ ஒலிப்பதிவுகளில் பயன்படுத்தினார்.

எல்பிக்கோ என்ற பச்சைப் பெட்டியை மேலே குறிப்பிட்டேன். வட இலண்டனில் வாழ்ந்த டேவ் டேவிஸ் என்ற பதினேழு வயதுப் பையனிடமும் அத்தகைய ஒன்று இருந்தது. வானொலிக் கடை ஒன்றில் வாங்கியது. அதன் ஒலி மெலிந்து, நாகரிகமாக இருப்பதை அவரால் சகிக்க முடியவில்லை. சவர அலகை எடுத்து ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பைக் கீறிவிட்டார். கிழிந்த கூம்பு அதிர்ந்தபோது கரகரத்த உறுமல் பிறந்தது. அந்தச் சிறு பெட்டியின் ஒலியைப் பெரிய வொக்ஸ் அம்பிளிபயருக்குள் செலுத்தியபோது உறுமல் கர்ச்சனையாயிற்று. 1964இல் வெளியான கிங்ஸ் குழுவின் “யூ றியலி கொட் மீ” பாடலில் நாம் கேட்பது அதுதான். பிற்காலத்தில் எண்ணற்ற நிறுவனங்கள் இத்தகைய ஒலிக்கென்றே கருவிகள் செய்து விற்றன. அதன் தொடக்கங்களுள் ஒன்று, நல்ல அம்பிளிபயர் வாங்க வசதியற்ற ஒரு பையனின் எரிச்சல்.

இலண்டனின் ஹன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற மேள ஆசிரியர் 1960இல் கடை திறந்தார். பீற் ரவுன்ஷெண்ட் போன்ற இளம் கிற்றார்க்காரர்கள் அங்கு வந்து, அமெரிக்கப் பெண்டர் அம்பிளிபயரைப் போன்றதொன்றைக் கட்டுப்படியான விலையில் தரமாட்டீர்களா என்று நச்சரித்தார்கள். அவரிடம் பணியாற்றிய கென் பிறான், டட்லி கிறேவன் ஆகியோர் 1962இல் பெண்டர் பாஸ்மன் அம்பிளிபயரின் சுற்றைப் பின்பற்றி ஒன்றைச் செய்தார்கள். உதிரிப்பாகங்கள் மட்டும் பிரித்தானியாவில் கிடைத்தவை. வால்வும் மின்மாற்றியும் ஒலிபெருக்கியும் வேறானபடியால் ஒலியும் வேறாயிற்று. நகல் எடுக்க முனைந்தவர்கள் தம்மை அறியாமலே புதிய ஒன்றைப் படைத்திருந்தார்கள். றொக் இசையின் கனத்த ஒலி என உலகம் அறிந்த மார்ஷல் ஒலியின் பிறப்பு இதுவே.

அயர்லாந்தின் கோர்க் நகரிலிருந்து இன்னொரு கதை. நடனக் குழு ஒன்றின் கிற்றார்க்காரர் சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கேட்டிருந்தார். வந்ததோ வேறு நிறம். சிவப்பு வந்ததும் பழையதைக் கடைக்கே திருப்பிவிட்டார். 1963இல் கிரௌலி கடையில் அது 100 பவுணுக்கு விற்பனைக்கு வந்தது. பதினைந்து வயது றொறி கலகர் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. கடனை அடைக்கும் வழியைத் தாயாருக்கு அவர் கணக்குப் போட்டுக் காட்டினாராம். இந்தக் கிற்றார் இருந்தால் தாளக் கிற்றாரையும் தனிக் கிற்றாரையும் தாம் ஒருவரே வாசிக்கலாம். இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. மிஞ்சும் பணத்தில் தவணை கட்டலாம். தாய் இணங்கினார். அந்தக் கிற்றாரை 1995இல் மறையும்வரை அவர் விடவில்லை. வியர்வையால் அதன் பூச்செல்லாம் உதிர்ந்து வெறும் மரம் தெரிந்தது. 2024 ஒக்டோபரில் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது கட்டணங்களுடன் 8 இலட்சத்து 89 ஆயிரம் பவுணுக்கு மேல் விலைபோன அது, அயர்லாந்தின் தேசிய நூதனசாலைக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இலங்கையில் வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாடு கடுமையாயிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீடித்தன. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தது இத்தகைய காலத்திலேயே. ஊர்த் திருவிழா மேடைகளை நிறைத்த இசைக் கோஷ்டிகளுக்கும் மின்கிற்றார் அருமையான பொருள். யாழ்ப்பாணத்துக் கோஷ்டிகளில் வாசித்த மூத்த கலைஞர்களிடம் நான் கேட்ட கதைகளில் வானொலி திருத்துபவர் தவறாமல் வருவார். அவரே கோஷ்டியின் அம்பிளிபயர் நிபுணர். 1990களில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் உலர்மின்கலமும் அற்றிருந்த குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியும் பாட்டும் கேட்டவர்கள் நாம். தடை மனிதரைப் புதுமைகாணத் தூண்டும் என்று சொல்லித் தடையைப் புகழ்ந்துவிடக் கூடாது. கிற்றார் கிடைக்காத காரணத்தால் வாசிக்காமலே போனவர்களின் நினைவுக் குறிப்பை எவரும் எழுதவில்லை, வெளியிடவும் இல்லை. நாம் படிப்பவை தப்பிப் பிழைத்தவர்களின் கதைகள்.

அந்தத் தப்பிப் பிழைத்தவர்களும் தனியாகத் தப்பவில்லை என்பதையே இந்நினைவுகள் உணர்த்துகின்றன. சாக்ஸபோனைத் திருப்பிக் கொடுத்த தோட்டக்காரர், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பேருந்துச் சாரதியின் மனைவி, திட்டிக்கொண்டே முற்பணம் கட்டிய பெரியம்மா, தம் பொத்தான்களைக் கொடுத்த தாய், மகனின் கணக்கை நம்பிய இன்னொரு தாய் ஆகியோரின் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் அச்சிடப்படுவதில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி முதல் கிற்றாரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் தலைகாட்டுகின்றார்கள்.

நூதனசாலைக் கண்ணாடிப் பேழைகளில் இன்று அந்தக் கிற்றார்களையும் அம்பிளிபயர்களையும் காணலாம். கிற்றாரின் பெயர், உற்பத்தி ஆண்டு, வாசித்தவர் பெயர் எல்லாம் அட்டையில் இருக்கும். தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் பெயரையும் அந்த அட்டையில் ஒரு வரியாகச் சேர்த்தால் வரலாறு இன்னும் சரியாக இருக்கும்.